பட்டமளிப்புக்கு இரண்டு அட்டை, வீட்டில் மூன்று பேர்

கேள்வி:

ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 54 வயது. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். வீட்டுக்காரருக்கு 58, அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறார். மகன் படிவம் இரண்டிலேயே மட்டம் போட ஆரம்பித்தவன். படிவம் ஐந்தில் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதாமல் நின்றுவிட்டான். கூட்டாளிகள், சம்சு சாராயம், ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் சத்தம். ஒருமுறை போலீஸ் லாக்கப்பில் ஒரு ராத்திரி இருந்தான். வழக்கு இல்லாமல் விட்டுவிட்டார்கள். அவன் அப்பா பெல்ட்டால் அடிப்பார். பதினெட்டு வயதில் ஒருநாள் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினான். அன்றோடு அடியும் நின்றது, பேச்சும் நின்றது. "அவர் சாப்பிட்டாரா" என்று என்னிடம்தான் கேட்பான்.

இருபது வயதில் தனித்தேர்வராக எஸ்பிஎம் எழுதினான். சமூகக் கல்லூரியில் சான்றிதழ், பிறகு பலதொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் டிப்ளோமா. இப்போது 25. அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. அழைப்புக் கடிதத்தைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினான். பார்த்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஊரே வாழ்த்துகிறது, எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. ஒருநாள் அவனிடம் "நீ செத்தாலும் அழமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். அது இப்போது தொண்டையில் நிற்கிறது.

விழாவுக்கு இரண்டு பேருக்குத்தான் அட்டை. "அடிச்சுத் திருத்துனது நான், முதல் அட்டை எனக்கு" என்கிறார் வீட்டுக்காரர். முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்திருக்கிறேன். அன்றே எல்லாரையும் கூப்பிட்டுப் பெரிய சாப்பாடு போடலாமா? அவன் படிப்புக்காக என் வளையலையும் மகள் சங்கிலியையும் 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) அடகு வைத்து நான்கு வருடம் ஆகிறது. அவன் பெயரில் பிடிபிடிஎன் என்ற அரசாங்கப் படிப்புக் கடனும் இருக்கிறது. எதை முதலில் அடைக்கச் சொல்வது?

மகளுக்கு 29. படிவம் ஆறில் இடம் கிடைத்தது. அப்போது அப்பா காலில் மட்டை விழுந்து படுத்திருந்ததால் ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். தம்பியின் செலவையும் அவள்தான் பார்த்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை.

— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

அம்மா, சந்தோஷம் வராத விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

பத்து வருடமாக உங்கள் காது ராத்திரி இரண்டு மணிக்கு வேலை செய்திருக்கிறது. மோட்டார் லயத்து முனையில் திரும்புகிறதா, நேரே போகிறதா, இறங்குவது ஒரு ஆளா இரண்டு ஆளா என்று படுத்தபடியே கணக்குப் போட்ட காது அது. இனி ஆபத்தில்லை என்று கல்லூரிக் கடிதம் சொன்னால் அறிவு உடனே ஒப்புக்கொள்கிறது, உடம்புக்கு மாதக்கணக்கில் ஆகிறது. காவல் நின்ற உடம்பு காவலை இறக்கி வைக்கும்போது முதலில் களைப்புதான் வரும். பின்னாலேயே அழுகை வரும். அழ நேரமில்லாத காலத்து அழுகை அது. சில தாய்மாருக்கு மூன்றாவதாகக் கோபமும் வரும். "இப்ப இவ்வளவு நல்லா இருக்கத் தெரிஞ்சவனுக்கு அப்ப ஏன் தெரியல" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கேள்வி எழும். அது வந்தால் பயப்படாதீர்கள், அவனிடம் கேட்டும் விடாதீர்கள். பதினாறு வயதில் ஏன் அப்படி இருந்தோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கேட்டால் ஏதோ ஒரு பதிலைச் சொல்வான், அந்தப் பதில் உங்கள் இருவருக்கும் இடையில் இன்னொரு சண்டையாக நிற்கும்.

தூக்கத்துக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விழிப்பு வந்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் படுக்கையில் புரளாதீர்கள். எழுந்து முன்னறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கைப்பேசி வேண்டாம். கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுங்கள். வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு எழுகிற நேரத்துக்கே ஞாயிற்றுக்கிழமையும் எழுந்துவிடுங்கள். அன்று எட்டு மணி வரை படுத்தால் அன்று ராத்திரித் தூக்கம் கெடும். நாலு மணிக்கு மேல் தேத்தண்ணி வேண்டாம். மகன் வெளியே போகிற நாளில், பதினொரு மணிக்கு "வர லேட்டாகும்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால் மறுபடி அழைத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை அழைத்து உறுதி செய்யும்போதும் காவல் இன்னும் தேவை என்று உடம்புக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

ஒரு எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வெறுமை இரண்டு வாரத்துக்கு மேல், நாளில் பெரும்பாலான நேரம் இருந்தால், சாப்பாடு பிடிக்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தால்கூட முகம் மலரவில்லை, இருந்தென்ன என்று தோன்றுகிறது என்றால், அது களைப்பைத் தாண்டிய ஒன்று. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். ஒரு வெள்ளிக் கட்டணம். மனநலச் சோதனைப் படிவம் வேண்டும் என்று கேளுங்கள். 21 கேள்வி உள்ள ஒரு படிவம் பழக்கத்தில் உண்டு, மலாயில் இருக்கும். படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால் தாதியைக் கேளுங்கள், மகனையோ மகளையோ வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை கேட்க எந்தத் தாயும் அந்தக் கேள்விகளுக்கு உண்மை சொல்வதில்லை. இருந்தென்ன என்ற எண்ணம் அழுத்தமாக வருகிற நேரத்தில் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் 15555 என்ற சுகாதார அமைச்சின் எண்ணை அழையுங்கள்.

தொண்டையில் நிற்கும் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும், அதுவும் விழாவுக்கு முன்னாலேயே. மன்னிப்புக் கேட்பதில் பெற்றோர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: "ஆனா". "அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புதான், ஆனா நீயும் அப்ப..." என்று தொடங்கினால், மகன் காதில் விழுவது "ஆனா"வுக்குப் பின்னால் உள்ளது மட்டும். எனவே ஒரே ஒரு செயலைச் சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். "நீ செத்தாலும் அழமாட்டேன்னு ஒருநாள் சொன்னேன். அது பொய். சொல்லியிருக்கக் கூடாது." இவ்வளவு போதும். "அம்மாவ மன்னிச்சிருய்யா" என்று சேர்த்தால், அழுகிற அம்மாவைத் தேற்றும் வேலை அவன் தலையில் விழும். இதைப் பொறுத்தவரை அவன் உங்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. நேரம், இடம்: முகத்துக்கு முகம் உட்கார வைத்துச் சொல்லாதீர்கள். கீரை ஆய்கிறபோது, அவன் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறபோது, கை ஏதோ வேலையில் இருக்கும்போது ஆண்பிள்ளைகளுக்குக் காது திறக்கும். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் சொன்னது உள்ளே போயிருக்கும்.

பாராட்டுவதிலும் இதே கவனம் வேண்டும். "பெருமையா இருக்குப்பா" என்பது எல்லாரும் சொல்வது. நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். இருபது வயதில், தன்னைவிட இளைய பையன்கள் எழுதுகிற அதே தேர்வை அவன் போய் எழுதினானே, அந்தக் காலையில் என்ன சட்டை போட்டான், எத்தனை மணிக்குக் கிளம்பினான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாய் மொழியும் வரலாறும் தேறியே ஆக வேண்டும். பள்ளியை விட்டு மூன்று வருடம் கழித்து, ஆசிரியர் இல்லாமல், அந்த இரண்டையும் தேறுவது லேசுப்பட்ட காரியமில்லை. டிப்ளோமாவைவிட அந்தக் காலைதான் பெரிது என்பது என் கணிப்பு. அதைப் பார்த்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அட்டைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் யாருக்கு உரிமை என்று கணவர் சொன்னது இருக்கிறது, நீங்கள் யோசித்தது இருக்கிறது. மகனைக் கேட்டதாக இல்லை. அழைப்பு அவன் பெயரில் வந்தது. இரண்டு இருக்கையும் அவன் கொடுக்க வேண்டியவை. தனியாக இருக்கும்போது கேளுங்கள்: "ரெண்டு பேர்தான் உள்ள வரலாமாம். யார் வரணும்னு நினைக்கிற?" கேட்டுவிட்டு உங்கள் விருப்பத்தைச் சொல்லாதீர்கள். "அப்பா மனசு கஷ்டப்படும்" என்ற ஒரு வார்த்தை போதும், அவன் தன் பதிலை மாற்றிச் சொல்லிவிடுவான்.

அவன் அக்கா பெயரைச் சொல்வான் என்று நினைக்கிறேன். அப்படிச் சொன்னால் மற்ற இருக்கை உங்களுக்கா அப்பாவுக்கா என்பதும் அவன் வாயிலிருந்தே வரட்டும். அப்பாவிடம் சொல்ல வேண்டியவனும் அவன்தான், நீங்கள் தூது போகாதீர்கள். ஏழு வருடமாக "சாப்பிட்டாரா" என்பதை நீங்கள் சுமந்துகொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வழக்கம் நிற்க ஒரு நல்ல சந்தர்ப்பம் இது. விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் சொல்லட்டும். முதல் நாள் ராத்திரி சொன்னால் வீடு ரெண்டாகும், மறுநாள் படத்தில் எல்லார் முகமும் வீங்கியிருக்கும்.

"அடிச்சுத் திருத்துனேன்" என்பதைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அடியில் திருந்தியிருந்தால் பதினைந்து வயதிலேயே திருந்தியிருப்பான். நீங்கள் எழுதிய வரிசையை நீங்களே பாருங்கள்: அடி நின்றது பதினெட்டில், அவன் புத்தகத்தைத் திறந்தது இருபதில். ஆனால் இதைக் கணவரிடம் வாதமாக வைத்து ஜெயிக்க வேண்டாம். காபிக்கடையில் அவர் அப்படிச் சொல்வது, இந்த வெற்றியில் தனக்கும் ஒரு பங்கு இருந்தது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு வாசகம் தெரியாததால். அவருக்கு உண்மையான பங்கு ஒன்று இருக்கிறது: அடிபட்ட காலோடு திரும்பப் போய், வருடக்கணக்கில் குலை வெட்டி, அந்த வீட்டில் அரிசி இல்லை என்ற நாள் வராமல் பார்த்துக்கொண்டார். யாராவது "நீங்க எப்படிப் படிக்க வெச்சீங்க" என்று கேட்டால், நீங்களே முந்திக்கொண்டு அதைச் சொல்லுங்கள். பெல்ட் கதைக்கு அப்புறம் தேவை இருக்காது. அட்டை இல்லாவிட்டாலும் அவர் விழா நாளில் கூடவே வரட்டும். சில கல்லூரிகளில் மண்டபத்துக்கு வெளியே திரை வைத்து நேரலை காட்டுகிறார்கள். இருக்கிறதா என்று மகனை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். வண்டி, சாப்பாடு, மாலை, வெளியே நிற்க நிழலான இடம், இதெல்லாம் அவர் பொறுப்பு என்று கொடுத்துவிடுங்கள். கையில் வேலை இருக்கிற மனிதர் கோபித்துக்கொண்டு நிற்பதில்லை.

விழா நாளைப் பற்றிச் சில விவரங்கள். இவை தெரியாமல் வாசலில் தவிக்கிற குடும்பங்கள் அதிகம். மகன் அங்கி வாங்கப் போகும்முன் உயர்கல்வி அமைச்சின் பட்டதாரி ஆய்வுப் படிவத்தை இணையத்தில் நிரப்பி முடித்த சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் திருப்பி அனுப்புவார்கள். கட்டணப் பாக்கியோ நூலகப் புத்தகமோ இருந்தால் சான்றிதழ் கைக்கு வராது. மேடையில் கொடுக்கும் குழாய்க்குள் பல இடங்களில் ஒன்றும் இருக்காது. அசல் சான்றிதழ் கிடைப்பது, அங்கியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான். ஊர்வலம் புறப்பட்டதும் கதவைச் சாத்திவிடுவார்கள், அழைப்பில் எழுதியிருக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். சிலிப்பர் போட்டால் உள்ளே விடமாட்டார்கள். சேலை தாராளமாகக் கட்டலாம். உள்ளே சாப்பாடு கிடையாது, மூன்று மணி நேரம் ஆகும். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறவர்கள் காலையில் மருந்தோடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள். அங்கியைத் திருப்ப வேண்டிய நேரம் தாண்டினால் அபராதம், ஆகையால் குடும்பப் படத்தை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சான்றிதழை லேமினேட் செய்யக் கூடாது. சூடு பட்டால் எழுத்தும் முத்திரையும் ஒட்டிக்கொண்டு, பிறகு அசல்தானா என்று சரிபார்க்க முடியாமல் போகும். பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, தகரம் ஒழுகாத பக்கமாக அலமாரியில் வையுங்கள்; வேலைக்குக் கொடுப்பதெல்லாம் உறுதி செய்யப்பட்ட நகல்தான்.

முனியாண்டிக்கு நேர்ந்ததைச் செய்துவிடுங்கள். நேர்த்திக்கடன் உங்களுக்கும் சாமிக்கும் இடையில் உள்ளது, அதில் ஆலோசகருக்கு வேலையில்லை. அந்தப் பூசையையும் ஊர்ச்சாப்பாட்டையும் ஒரே நாளில் கட்டிவிட நினைப்பதில்தான் எனக்குத் தயக்கம். கிடா வெட்டுக்கு வந்தவர்கள் சாயங்காலம் வரை இருப்பார்கள். பாட்டில் தானாக வரும். பழைய கூட்டாளிகள் வாழ்த்தச் சாக்கு தேடிக்கொண்டிருப்பார்கள். சம்சுவை விட்டு மீண்ட ஒருவனுக்கு மிகவும் வழுக்கலான நேரம் எது என்றால், துக்க நாளைவிட அவன் வென்ற நாள்தான்: "இன்னிக்கு ஒரு நாளைக்கு என்ன" என்று எல்லாரும் கையில் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் பெரிய மனுஷனாகிவிட்டான் என்பார்கள். பூசையைக் குடும்பத்தோடு வையுங்கள். சாப்பாட்டை வேறொரு ஞாயிறு பதினொன்றரை மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடியுங்கள். பந்தல் போட்டால் ராத்திரி வரை உட்காருவார்கள், சமூக மண்டபம் என்றால் சாவியைத் திருப்ப வேண்டும். ஐம்பது அறுபது பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள், அதற்காக இன்னொரு நகையை அடகுக்கு அனுப்ப வேண்டாம்.

அந்தச் சாப்பாட்டில் ஒலிவாங்கியை யாரிடமும் கொடுக்காதீர்கள். மாமா ஒருவர் எழுந்து, "இவன் இருந்த இருப்புக்கு..." என்று லாக்கப் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார், பாராட்டாகத்தான் சொல்வார். இருபத்தைந்து வயதுப் பையன் தட்டைப் பார்த்துக் குனிந்திருப்பான். அதேபோல, இரண்டு வருடத்தில் அப்பாவுக்கு அறுபது ஆகிறது, லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் "இனி வீடு வாங்குறது அவன் பொறுப்பு" என்று அங்கே வைத்து அறிவிக்காதீர்கள். முதல் சம்பளம் வாங்காதவன் தோளில் ஊர் முன்னால் வீட்டை ஏற்றி வைத்தால், அவன் ஓடத் தெரிந்த பாதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுப் பேச்சை ஆறு மாதம் கழித்து நான்கு பேரும் காகிதம் பேனாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அதற்குள் அப்பாவின் சேமநிதியில் கை வைத்து மகனுக்குக் கார் முன்பணம் கட்டிவிடாதீர்கள். கார்க் கடன் ஒன்பது வருடம் வரை இழுக்கும். வீட்டுக்கு இருக்கும் ஒரே காசு அந்தச் சேமநிதிதான்.

கடன் கேள்விக்கு எண்களே பதில். அடகுக்கடையில் சட்டப்படி வாங்கக்கூடிய வட்டி மாதம் இரண்டு விழுக்காடு. 3,000 வெள்ளிக்கு மாதம் 60. சீட்டைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் 360. நான்கு வருடத்துக்கு 2,880. அதாவது வாங்கிய பணத்தை ஏறக்குறைய ஒருமுறை கட்டி முடித்துவிட்டீர்கள், நகை இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒரு தவணை தவறினால் ஏலத்துக்குப் போகும். பிடிபிடிஎன் கடனுக்குக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத்தான் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 24 விழுக்காடு ஒரு பக்கம், ஒரு விழுக்காடு ஒரு பக்கம். பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிடிபிடிஎன் கடிதம் தங்கள் பெயருக்கு வருகிறது, பயமாக இருக்கிறது, அதை முதலில் கட்டுகிறார்கள். அம்மாவின் அடகுச்சீட்டு அரிசி டின்னுக்குள் இருக்கிறது, அது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

சீட்டை எடுத்து மகன் முன்னால் வையுங்கள். இது குத்திக்காட்டல் ஆகாது, அவனுக்குத் தெரிய வேண்டிய கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் தொடங்கினாலும் சேமநிதி 11 விழுக்காடும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் போகக் கைக்கு 1,500 போல வரும். அதில் மாதம் 400 ஒதுக்கினால் ஒன்பது மாதத்தில் 3,600. அசல் 3,000, அதுவரையான வட்டி 540, இரண்டும் அதில் அடங்கும். நகை வீட்டுக்கு வந்துவிடும். வளையலுக்கும் சங்கிலிக்கும் தனித்தனிச் சீட்டு இருந்தால் மகளின் சங்கிலியை முதலில் மீட்கச் சொல்லுங்கள், உங்கள் வளையல் பிறகு வரட்டும். அதைக் கடையிலிருந்து வாங்கி அவள் கையில் கொடுக்க வேண்டியவனும் தம்பிதான். 12 மாதம் முடிந்த பின் பிடிபிடிஎன் தவணையைத் தவறவிடக் கூடாது. தவறினால் வங்கிகள் பார்க்கும் கடன் பதிவில் பெயர் விழும், வீட்டுக் கடன் கேட்கும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும். சம்பளம் போதவில்லை என்றால் ஒளிந்துகொள்ளாமல் தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ அவர்களிடமே விண்ணப்பிக்கலாம். முதல் வகுப்பில் தேறினால் கடன் கட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால், அந்த விலக்கு இளங்கலைப் பட்டத்துக்கு உரியது, டிப்ளோமாவுக்குக் கிடையாது.

விழா முடிந்த அடுத்த மூன்று மாதத்தைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். கல்லூரியில் கால அட்டவணை இருந்தது, விடுதி இருந்தது. இப்போது அதே லயம், அதே ஒட்டுக்கடை, பத்து மணிக்கு எழுந்து வருகிற அதே கூட்டாளிகள். வேலை கிடைக்கும்வரை தினமும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும். ஊரில் வயரிங் குத்தகைக்காரர் யாரிடமாவது கையாளாக நாள் கூலிக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். எரிசக்தி ஆணையம் கொடுக்கும் வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றுகளுக்கு அனுபவம் கணக்கில் வரும். எண்ணெய் ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அந்தச் சான்று வைத்திருக்கும் ஆள் தேவை, வெறும் டிப்ளோமாவைவிட அதற்குச் சம்பளமும் கூடுதல். சொக்சோ நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதிந்து வைக்கட்டும். விண்ணப்பத்தில் "குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா" என்ற கேள்வி இருந்தால் "இல்லை" என்பதே உண்மையான பதில். வழக்கில்லாமல் விடப்பட்ட ஒரு ராத்திரி தண்டனை ஆகாது. முன்பணம் கேட்கிற வேலை, கம்போடியாவுக்கோ மியன்மாருக்கோ கூப்பிடுகிற வேலை, வங்கி அட்டையை இரவல் கேட்கிற நண்பன், மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்.

கடைசியாக, நீங்கள் ஒரு கேள்வியாகக்கூட எழுதாதது. மகளைப் பற்றிய வரிகள் கடிதத்தின் அடியில் இருந்தன, அதிலும் "அவள் எதுவும் சொல்லவில்லை" என்று முடித்துவிட்டீர்கள். தோட்டங்களை வாங்குவதற்காக அரசியல் தலைவர் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத்துச் சனங்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கிய கதை உங்கள் ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரியும். யார் எவ்வளவு கட்டினார் என்று அங்கே புத்தகத்தில் பெயர் இருந்தது. இந்த டிப்ளோமாவுக்குப் பெரிய பங்கு கட்டியவள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு மணிக்கு வரும் உங்கள் விழிப்பில் பாதி, கெட்டுப்போக இருந்த மகனைப் பற்றியதென்றால், மறு பாதி கெட்டே போகாத மகளைப் பற்றியதாக இருக்கலாம். தொல்லை கொடுக்காத பிள்ளையைப் பார்க்க எந்த வீட்டிலும் நேரம் இருப்பதில்லை.

அவளிடம் "உன்னாலதாம்மா அவன் படிச்சான்" என்று மட்டும் சொன்னால் அது இன்னொரு பாராட்டாகப் போய்விடும், அவள் இன்னும் நல்ல பிள்ளையாக இருப்பாள். நடந்ததைச் சொல்லுங்கள்: "படிவம் ஆறுக்கு உன்னை அனுப்பியிருக்கணும். நாங்க அனுப்பல." பிறகு, இப்போது திறந்திருக்கும் கதவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் எஸ்பிஎம் சான்றிதழ் காலாவதி ஆகாது. அதை வைத்தே வேலை பார்த்துக்கொண்டு தொலைநிலைக் கல்வியில் டிப்ளோமா சேரலாம். பாடங்கள் போதவில்லை என்றால் அப்பெல் என்ற வழி உண்டு: இருபது வயது தாண்டியிருந்து, சேரும் துறைக்குத் தொடர்புள்ள வேலை அனுபவமும் இருந்தால், ஒரு திறனறித் தேர்வும் அனுபவத் தொகுப்பும் கொடுத்து டிப்ளோமாவுக்குத் தகுதி பெறலாம். படிக்கப் பிடிக்கவில்லை என்றால், தொழிற்சாலையில் இத்தனை வருடம் செய்த வேலைக்கே ஆதாரம் திரட்டிக் கொடுத்து மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கும் முறை இருக்கிறது. அதற்கு வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. சம்பளச் சீட்டுகள், பயிற்சிக்குப் போன கடிதங்கள், மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தவை, எதையும் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். டிப்ளோமா அல்லது அதற்கு மேல் என்றால் கட்டணத்துக்கு அவளுடைய சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்க இடமுண்டு. தம்பி சம்பாதிக்கத் தொடங்கப்போகிறான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அவளிடம் ஒப்பிக்க வேண்டாம். "உனக்கு என்ன செய்யணும்னு இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை காத்திருங்கள். கல்யாணப் பேச்சை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா" என்றுதான் முதலில் சொல்வாள். பன்னிரண்டு வருடப் பழக்கம் அது. ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.